மறுமையை ஏற்காதோரும் மரணமும்

மரணத்தை நினைவுகூர்வது நம் மார்க்க மரபில் உள்ளத்தைப் பண்படுத்தும் பயிற்சியாகும். மறுமையை ஏற்காதவர் அந்நினைவை எவ்வாறு எதிர்கொள்கிறார்? அச்சத்தில் உழல்வார், அல்லது கேளிக்கையில் அதை மறந்திருப்பார் என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது.

ஸ்காட்லாந்தின் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் தம்மை நாத்திகர் என அறிவித்துக்கொண்டவர் அல்லர். ஆயினும் மறுமை வாழ்வில் அவருக்கு நம்பிக்கை இருக்கவில்லை. 1776இல் எடின்பரோவில் அவர் நோயுற்று மரணத்தை எதிர்நோக்கியிருந்தபோது, ஜூலை 7ஆம் நாள் ஜேம்ஸ் பாஸ்வெல் அவரைக் காணச் சென்றார். இல்லாமற் போய்விடுவோம் என்ற எண்ணம் கலக்கம் தரவில்லையா என வினவினார். பிறக்குமுன் இல்லாதிருந்தது எவ்வாறு வருத்தவில்லையோ, அவ்வாறே இதுவும் வருத்தவில்லை என்பது ஹியூமின் விடையின் சாரம். ரோமக் கவிஞர் லுக்ரீஷியஸ் முன்வைத்த பழைய வாதம் அது.

அவர் தம் இறுதி மாதங்களை வீணாக்கவில்லை. சுருக்கமான தன்வரலாற்றை எழுதினார்; நூல்களைத் திருத்தினார்; சமயம் பற்றிய உரையாடல் நூல் தமக்குப் பின் வெளிவர ஏற்பாடு செய்தார். ஆகஸ்ட் 25இல் இறந்தார். அவருடைய அமைதியை விவரித்து ஆடம் ஸ்மித் எழுதிய கடிதம் 1777இல் வெளியானபோது கடுங்கண்டனம் எழுந்தது.

பின்வந்தோரில் பெர்ட்ரண்ட் ரஸல், 'நான்' என்னும் எல்லையைக் கடந்து அக்கறைகளை விரிவாக்கச் சொன்னார். நாம் மறைந்தாலும் நாம் நேசித்தவை தொடரும் என்பது அவர் ஆறுதல். அல்ஜீரியாவில் பிறந்த ஆல்பெர் காம்யு, பிரபஞ்சம் அர்த்தம் எதையும் தராதபோதும் அதை அறிந்தே முழுமையாக வாழவேண்டும் என 1942இல் வாதிட்டார்.

இவ்விடைகள் தன் இறப்பைப் பற்றிய அச்சத்தைத் தணிக்கக்கூடும். ஆனால் குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கும், நீதி கிட்டாமலே மடிந்த எளியவனுக்கும் அவை என்ன கூறும்? பறிக்கப்பட்ட உரிமைக்குக் கணக்குத் தீர்க்கும் நாள் ஒன்று உண்டா என்பதே நமக்கும் அவர்களுக்குமிடையிலான மெய்யான வினா. ஹியூமின் அமைதி அவர் கொள்கைக்குச் சான்றாகாது. அவர் அஞ்சி நடுங்கியிருந்தாலும் அது நம் கொள்கைக்குச் சான்றாகியிராது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'மகாஸிதுல் ஃபலாஸிஃபா'வில் தத்துவவாதிகளின் கொள்கைகளை நேர்மையாகத் தொகுத்துரைத்தார். 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வில் அவற்றை மறுத்தார். இன்று இறைமறுப்பாளருடன் உரையாட விழையும் நம் மாணவர்களுக்கும் அந்த நெறியே பொருந்தும்.