பத்து ஆண்டு இடைவெளி



வேடமேற்று, நாமே முடிவெடுத்து, நீண்ட கதைக்குள் நடந்து செல்லும் வீடியோ விளையாட்டு 'டிராகன் ஏஜ்'. உருவாக்கியது நம் கனடாவின் எட்மண்டன் நகரிலுள்ள பயோவேர் நிறுவனம். முதல் பாகம் 2009இல் வந்தது. அடுத்தவை 2011இலும் 2014இலும். நான்காம் பாகமோ 2024இல்தான்!

2014இல் பத்து வயதாக இருந்த பிள்ளை, புதிய பாகம் எதையும் காணாமலே இருபதைத் தொட்டுவிட்டது. இடையில், 2017இல் வந்த 'ஃபோர்ட்நைட்' போன்ற விளையாட்டுகள் இலவசமாகக் கிடைத்தன. நண்பர்களோடு சேர்ந்து ஆடவும் முடிந்தது. இளையோர் அங்கே கூடிவிட்டார்கள்.

நான்காம் பாகத்தை முதல் இரண்டு மாதங்களில் ஆடியவர்கள் சுமார் 15 லட்சம் பேர். தாய் நிறுவனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் எதிர்பார்த்ததில் ஏறத்தாழ பாதிதான் இது.

எவ்வளவு நல்ல கதையானாலும், கேட்கும் பிள்ளை வளர்ந்துவிடுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.