எருவே பகையாகும் பூச்செடி

ஊட்டமிட்டால் பயிர் செழிக்கும் என்பது குடியானவர்கள் வழிவழியாக அறிந்த உண்மை. ஆயினும் இவ்விதிக்கு விலக்கான செடிகளும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் தென்மேற்குக் கோடியிலுள்ள கேப் பிரதேசத்து மலைச்சரிவுகளில் இயல்பாக வளரும் புரோட்டியா அவற்றுள் ஒன்றாகும். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. புரோட்டியாவின் வகைகளுள் இராஜ புரோட்டியா என்பது ஓரடி அகலம் வரை மலரும். 1976-ஆம் ஆண்டு முதல் அதுவே அந்நாட்டின் தேசிய மலராகும்.

நன்கு வேரூன்றி, ஆண்டுதோறும் பூத்துவந்த புரோட்டியாச் செடி தோட்டத்தில் திடீரென்று கருகி மடிவதுண்டு. பல சமயங்களில் அதற்குக் காரணம், வளர்ப்பவர் பரிவோடு இட்ட ஒரு கூடை எருவேயாகும்.

கேப் மலைகளின் மண் மணற்கற்பாறை சிதைந்து உண்டானது, புளிப்புத்தன்மையுள்ளது, மணிச்சத்து அதில் மிகக் குறைவு. அம்மண்ணில் பிழைக்கும் பொருட்டு இச்செடி, மேல்மண்ணை ஒட்டித் தூரிகைபோல் அடர்ந்த நுண்வேர்க் கொத்துக்களை விடுகின்றது. 1960-ஆம் ஆண்டில் தாவர நூலார் இவற்றைப் புரோட்டியாய்டு வேர்கள் என்று பெயரிட்டு விவரித்தனர். இவ்வேர்கள் அமிலங்களைக் கசியவிட்டு, மண்ணோடு இறுகிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்து உறிஞ்சுகின்றன. மணிச்சத்து மிகுதியாகக் கிடைக்கும் இடத்திலோ, அளவறிந்து நிறுத்தும் ஆற்றல் இச்செடிக்கு இல்லை. அதனால் இலைநுனிகள் கருகி, செடி நலிகின்றது.

ஆகவே சூப்பர்பாஸ்பேட், எலும்புத்தூள், கோழியெரு, கலப்பு உரங்கள் ஆகியவற்றை அறவே விலக்க வேண்டும். வளர்ச்சி குன்றியிருப்பின் மணிச்சத்தில்லாத அம்மோனியம் சல்பேட்டைச் சிறிதளவு நீரில் மிகத் தெளிவாகக் கரைத்து விடலாம். சுண்ணாம்பும் அடுப்புச் சாம்பலும் மண்ணின் புளிப்பை மாற்றுமாதலின் அவையும் கூடா. புளிப்பு மாறிய மண்ணில் இரும்புச்சத்து எட்டாமல், நரம்புகள் பச்சையாக நிற்க இளந்தளிர் மஞ்சளிக்கும்.

நுண்வேர்கள் மேலாகவே பரவியிருத்தலால் செடியைச் சுற்றி மண்வெட்டியால் கொத்துதல் தவறு. களையைக் கையால் பறித்து, பைன் இலை போன்ற சருகுகளை இரண்டு மூன்று அங்குல கனத்திற்குப் பரப்புதல் நன்று. அடித்தண்டைச் சருகு தொடலாகாது.

நீர் தேங்குமிடத்தில் பைட்டாப்தரா என்னும் நோய்க்கிருமி வேரைத் தாக்கி, செடி முழுவதையும் வாட்டிவிடும். அத்தகைய செடியை வேருடன் அகற்றி எரித்துவிட வேண்டும். அவ்விடத்தில் மீண்டும் புரோட்டியாவை நடலாகாது. வேரூன்றிய செடிக்கு மழையற்ற காலத்தில் இடைவெளி விட்டு, காலை வேளையில், இலை நனையாமல் அடியில் ஆழ நீர்விடுதல் போதும்.

தொட்டியில் வளர்ப்போர் அடியில் துளைகளுள்ள அகன்ற மண்தொட்டியில் பருமணலும் மக்கிய பைன் பட்டைத் தூளும் கலந்து நிரப்புவது நலம். தொட்டி மண் விரைவில் உலருமாதலால் மேல்மண் ஓரங்குலம் காய்ந்ததும் நீர்விட வேண்டும். அடித்தட்டில் நீர் நிற்கலாகாது. வெயிலும் காற்றும் தடையின்றிக் கிடைத்தல் அவசியம். தொட்டி மாற்றுங்கால் வேர்க்கட்டி உடையாமல் அப்படியே எடுத்து வைத்தல் வேண்டும்.

பூ ஓய்ந்தபின் கிளையைக் கத்தரிக்கையில் இலையுள்ள தண்டில் நான்கு அங்குலமேனும் விட்டுவைக்க வேண்டும். பெரும்பாலான வகைகளில் இலையற்ற முதிர்ந்த கட்டையில் தளிர் எழாது. இராஜ புரோட்டியா இதற்கு விலக்கு. காட்டுத்தீயில் மேற்பாகம் எரிந்தாலும் மண்ணிலுள்ள அதன் பருத்த அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும்.

எல்லாப் பயிருக்கும் ஒரே எரு என்னும் வழக்கம் இச்செடியிடம் செல்லாது. எருக்கூடையைத் தூக்குமுன் செடி பிறந்த மண் எத்தகையது என்று ஆராய்பவர் நட்டமடையார்.