பாட்டிலுக்கு பில், பொட்டலத்துக்கு ஜெயில்! கிரிவலப் பாதையில் ஓயாத வாதம்

திருவண்ணாமலை செங்கம் ரோடு. ரமணாசிரமத்தைத் தாண்டி எமலிங்கம் பக்கம் சாயங்கால நேரத்தில் நடந்தால், ஊதுபத்தி வாசனையோடு சில மரத்தடிகளில் இன்னொரு வாசனையும் மூக்கைத் துளைக்கும். உள்ளூர்க்காரர்களுக்கு அது என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை.

கஞ்சா!

இதற்கும் ஆசிரமத்துக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது. 1896-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந்தேதி இந்த ஊருக்கு வந்த ரமணர், 1950-ல் மறையும் வரை அண்ணாமலையை விட்டு நகரவில்லை. அவரைத் தேடி வருகிறவர்கள் உள்ளே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். சமாச்சாரம் எல்லாம் வெளியே ரோட்டோரத்தில்தான்.

14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் காவி கட்டியவர்கள் ஏராளம். வீடு வாசல் துறந்து வந்த நிஜ சாதுக்கள் இருக்கிறார்கள். காவியை மட்டும் கட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். "சிவமூலி" என்று பக்தியோடு பெயர் சொல்லி சிலும்பியைப் பற்ற வைப்பவர்கள் இரண்டு ரகத்திலும் உண்டு. கூடவே வெளியூர்ப் பையன்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் வந்து தங்கும் வெளிநாட்டினரில் சிலர்.

போலீசார் அவ்வப்போது சோதனை போடுகிறார்கள். பொட்டலத்தோடு சிக்கியவரை ஜீப்பில் ஏற்றுகிறார்கள். ஜீப் போனதும் டீக்கடையில் வாதம் கிளம்பும்.

டீக்கடையில் கேள்வி

"கவர்ன்மெண்டே கடை வச்சு சரக்கு விற்குது. இவன் ஒரு பொட்டலம் வச்சிருந்தா மட்டும் குற்றமா?" என்பது ஒரு கட்சி.

"ஒரு கடையே குடியைக் கெடுக்குது. இன்னொண்ணும் வேணுமாக்கும்?" என்பது எதிர்க்கட்சி.

இரண்டு பேர் பேச்சிலும் விஷயம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் மதுவின் கதை சினிமாக் கதையை விட திருப்பங்கள் நிறைந்தது. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் கலைஞர் ஆட்சியில் தளர்ந்தது. 1974-ல் திரும்ப வந்தது. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது.

இன்று பகல் 12 மணிக்குக் கடை திறக்கும். இரவு 10 மணிக்கு மூடும். 2023-24 நிதியாண்டில் மட்டும் மது மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45 ஆயிரத்து 855 கோடி ரூபாய். அடுத்த ஆண்டில் அது 48 ஆயிரம் கோடியைத் தாண்டியது.

தீபத் திருவிழா நாட்களில் ஊரில் கடையை மூடச் சொல்லி கலெக்டர் உத்தரவு போடுவார். மற்ற நாட்களில் வியாபாரம் வழக்கம் போலத்தான்.

பக்கத்து மாவட்டத்துப் பிணங்கள்

கடை திறந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்பது பழைய வாதம். ஒழிந்ததா?

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு பக்கமும் விஷ சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் கருணாபுரம் தெருவே சுடுகாடானது. 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால் என்ற விஷம். உடம்புக்குள் போனதும் அது பார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரை.

சர்க்கார் கடை இருக்கும்போது அவர்கள் ஏன் அங்கே போனார்கள்? கூலி வேலைக்காரர்களுக்கு பாக்கெட் சாராயம் மலிவாகக் கிடைத்தது. அவ்வளவுதான். கஞ்சாவுக்கும் கடை திறந்தால் திருட்டு வியாபாரம் தானாகப் படுத்துவிடும் என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கடைச் சரக்கை விட திருட்டுச் சரக்கு மலிவாக இருக்கும் வரை அதற்கும் ஆள் இருக்கும்.

எது அதிகம் கெடுக்கும்?

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர்கள் நாடு முழுவதும் எடுத்த கணக்கு 2019-ல் வெளியானது. அதன்படி மது குடிப்பவர்கள் சுமார் 16 கோடி பேர். இவர்களில் 5 கோடியே 70 லட்சம் பேர் குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுகிறவர்கள்.

கஞ்சா, சரஸ், பாங்கு எல்லாம் சேர்த்து உபயோகிப்பவர்கள் 3 கோடியே 10 லட்சம். அதில் உதவி தேவைப்படுகிறவர்கள் 72 லட்சம்.

குடிப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தொல்லையில் இருக்கிறார். கஞ்சாப் பக்கம் ஏறக்குறைய நான்கில் ஒருவர். குறைவுதான், ஆனால் ஒன்றுமில்லை என்று தள்ளிவிடும் கணக்கு அல்ல.

2010-ல் லண்டன் பேராசிரியர் டேவிட் நட் குழுவினர் போதைப் பொருள்களுக்கு நூற்றுக்கு மார்க் போட்டார்கள். குடிப்பவனுக்கும் அவனைச் சுற்றி இருப்பவர்களுக்கும் சேர்த்து எவ்வளவு கேடு என்பதே கணக்கு. மதுவுக்கு 72 மார்க். ஹெராயினுக்கு 55. கஞ்சாவுக்கு 20. மது முதலிடம் வந்தது இங்கிலாந்தில் பெரிய சர்ச்சையானது. கடையில் தாராளமாகக் கிடைப்பதால் குடிப்பவர்கள் அதிகம். அதனால்தான் இந்த மார்க் என்று மறுத்தவர்களும் உண்டு.

மது ஈரலைக் கெடுக்கும், கணையத்தைக் கெடுக்கும், புற்றுநோய் கொண்டுவரும். 2019-ல் மட்டும் உலகத்தில் 26 லட்சம் பேர் மதுவால் செத்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மொடாக்குடிகாரர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வைத்தியம் செய்யாவிட்டால் அதிலேயே உயிர் போவதும் உண்டு. வீட்டிலே பெண்டாட்டி பிள்ளைகள் படும் பாட்டை மார்க் போட்டுச் சொல்ல முடியாது.

கஞ்சாவை நிறுத்தினால் தூக்கம் வராது, எரிச்சல் வரும், சாப்பாடு இறங்காது. உயிருக்கு ஆபத்து இல்லை. அளவு மீறிக் குடித்து அந்த விஷத்தாலேயே செத்தார் என்பதும் அபூர்வத்திலும் அபூர்வம்.

சிலும்பிக் கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். கொஞ்சம் பொறுக்கவும்.

பையன்கள் விஷயம் வேறு

கஞ்சா தொடுகிறவர்களில் சுமார் பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். 18 வயதுக்குள் தொடங்கினால் ஆறில் ஒருவர். மூளை முழு வளர்ச்சி அடைய 25 வயது வரை ஆகிறது. அதற்கு முன்னால் தினம் புகைப்பவனுக்கு ஞாபக சக்தி, கவனம், படிப்பு எல்லாம் அடிபடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து மனநோய். பரம்பரையில் அந்தக் கோளாறு இருக்கும் பையனுக்கு, யாரோ துரத்துவது போலவும் காதிலே குரல் கேட்பது போலவும் தொடங்கிவிடும். எந்தப் பையனுக்கு வரும், எவனுக்கு வராது என்று முன்கூட்டி சொல்ல எந்த டாக்டராலும் முடியாது. சிலருக்கு கஞ்சாவை விட்ட பிறகும் நோய் விடுவதில்லை.

கிரிவலப் பாதையில் ஐம்பது வயது சாமியார் பிடிப்பதும், பள்ளிக்கூடத்துப் பையன் அதைப் பார்த்துப் பிடிப்பதும் ஒன்றாகாது. சாமியார் "இதில் ஒன்றும் இல்லையப்பா" என்று சொன்னால் அது அவர் உடம்பைப் பற்றிய பேச்சு. பையன் உடம்பைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? சிலும்பியில் பீடித் தூளும் கலப்பதால் புகையிலைப் பழக்கம் இனாமாக வந்து சேர்வது தனிக்கதை.

வண்டி ஓட்டுவதும் இதில் சேர்த்தி. குடித்தவனை ஊதச் சொல்லி மெஷினில் பிடிக்கலாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் கேஸ். கஞ்சாவுக்கு அப்படி ஒரு சுலபமான மெஷின் கிடையாது. தினம் புகைப்பவர் சிறுநீரில் பல நாள் கழித்தும் கஞ்சா காட்டும். அவர் வண்டி ஓட்டும்போது மயக்கத்தில் இருந்தாரா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கஞ்சாவை அனுமதித்த நாடுகளிலும் இது தலைவலிதான்.

வெள்ளைக்காரன் விசாரணை

"கஞ்சா பிடித்தால் பைத்தியம் பிடிக்கும்" என்பது இன்று நேற்றுப் பேச்சு அல்ல. வெள்ளைக்காரன் ஆட்சியில் 1893-ல் இதற்கென்றே ஒரு கமிஷன் போட்டார்கள். 1,193 சாட்சிகளை விசாரித்தது. பைத்தியக்கார ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளைப் புரட்டியது. காரணம் தெரியாத இடத்தில் எல்லாம் "கஞ்சா" என்று எழுதி வைத்திருந்தது அம்பலமானது!

அளவோடு உபயோகிப்பதில் பெரிய கேடு இல்லை. மிதமிஞ்சினால் கேடு உண்டு. அடியோடு தடை வேண்டாம், வரியும் லைசென்சும் போதும் என்று கமிஷன் சொன்னது. தடுத்தால் ஜனங்கள் சாராயத்துக்குப் போவார்கள் என்ற கவலையும் அன்றே பேசப்பட்டது.

பிறகு 1961-ல் ஐ.நா. ஒப்பந்தம் வந்தது. அதற்கு இசைந்த இந்தியா, 1985-ல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் கொண்டு வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 14-ந்தேதி அமலானது.

ஒரு கிலோ கணக்கு

அந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. செடியின் பூவும் காயும் சேர்ந்த நுனிதான் கஞ்சா. நுனி சேராத வெறும் இலையும் விதையும் சட்டப்படி கஞ்சா அல்ல. வடக்கே பாங்கு கடைகள் நடப்பது இந்த சந்தில்தான்.

ஒரு கிலோவுக்குக் குறைவானது சிறிய அளவு: ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோவுக்கு மேல் போனால் 10 ஆண்டு வரை. 20 கிலோவுக்கு மேல் போனால் வியாபார அளவு: குறைந்தது 10 ஆண்டு, அதிகம் 20 ஆண்டு, ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. வெறுமனே புகைத்ததற்கு 6 மாதம் வரை.

2021 டிசம்பரில் தமிழக போலீசார் "ஆபரேஷன் கஞ்சா வேட்டை" தொடங்கினார்கள். மூட்டை மூட்டையாக சரக்கு வருவது ஆந்திரா–ஒடிசா எல்லை மலைகளில் இருந்து. மரத்தடியில் சிக்குவது கடைசிக் கையில் இருக்கும் பொட்டலம். அவரை உள்ளே தள்ளுவதால் மலையில் ஒரு செடியும் குறையப் போவதில்லை.

வெளிநாட்டில் என்ன ஆச்சு?

உருகுவே 2013-ல் சட்டம் போட்டு அனுமதித்தது. கனடா 2018 அக்டோபரில் கடை திறந்தது. அங்கே கஞ்சா கேஸ்கள் சரிந்தன. திருட்டு வியாபாரம் குறைந்தது. ஆனால் கஞ்சா கலந்த மிட்டாயை சாக்லெட் என்று நினைத்துத் தின்று ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகள் எண்ணிக்கை எகிறியது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் கடை திறக்காமல், பெரியவர்கள் கொஞ்சம் வைத்துக்கொள்ளவும் வளர்க்கவும் மட்டும் விட்டது.

தாய்லாந்து கதைதான் கூத்து. 2022 ஜூனில் தடையை நீக்கியது. தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. மூன்றே ஆண்டில், 2025 ஜூனில், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பின்வாங்கியது.

இந்தியாவும் சும்மா இல்லை. 2020 டிசம்பரில் ஐ.நா.வில் கஞ்சாவை மிகக் கொடிய பட்டியலில் இருந்து எடுக்க ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 27, எதிர்ப்பு 25. இந்தியா ஆதரவாக ஓட்டுப் போட்டது. உள்நாட்டுச் சட்டம் மாறவில்லை.

கஞ்சாவுக்குக் கடை திறப்பது ஒரு விஷயம். பொட்டலம் வைத்திருந்தவரை ஜெயிலுக்கு அனுப்பாமல் இருப்பது வேறு விஷயம். டீக்கடை வாதத்தில் இரண்டும் குழம்பிப் போகிறது. இரண்டாவதற்கு இப்போதுள்ள சட்டத்திலேயே வழி இருக்கிறது.

அது 64-ஏ பிரிவு. புகைத்த கேசிலோ, சிறிய அளவு வைத்திருந்த கேசிலோ சிக்கியவர் தானே முன்வந்து, அரசு ஆஸ்பத்திரியிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ போதை மறுப்பு சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர் மீது வழக்கு நடத்த முடியாது. பாதியில் ஓடிவிட்டால் சலுகை போய்விடும். கோர்ட்டில் குற்றம் நிரூபணமான பிறகும் 39-வது பிரிவின்படி, ஜெயிலுக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

பையன் சிக்கிவிட்டான் என்று வக்கீல் வீட்டுக்கு ஓடும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மதுவானாலும் கஞ்சாவானாலும் ஆலோசனை கேட்க மத்திய அரசின் இலவச போன் நம்பர் 14446.