நன்கொடைக்கு ரசீது உண்டா?

லாயாங் லாயாங்கில் என் மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார். 2022 மார்ச்சில் ஜோகூர் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது மூன்று கட்சிக்காரர்கள் தனித்தனியாகக் கடைக்கு வந்தார்கள். இருவருக்குக் கவரில் பணம் கொடுத்தார். மூன்றாமவரின் நிதி திரட்டும் விருந்தில் ஒரு மேசை வாங்கினார். யாரும் ரசீது தரவில்லை. "ஒருத்தனுக்குக் கொடுத்தது இன்னொருத்தனுக்குத் தெரியக்கூடாது. ஆனா வாங்குனவனுக்கு மறக்கக்கூடாது," என்றார்.

அத்தேர்தலில் எங்கள் தொகுதி வேட்பாளர் ஒருவர் 100,000 ரிங்கிட் வரை செலவிடலாம். 1954ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டம் விதித்த வரம்பு அது. நாடாளுமன்ற வேட்பாளருக்கு 200,000. ஆனால் வரம்பு வேட்பாளருக்குத்தான், கட்சிக்கு இல்லை. பணம் கொடுத்தவர் யார் என்று வாக்காளருக்குச் சொல்லும் கட்டாயமும் இல்லை. சாலையோரக் கொடிகளை எண்ணியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சீர்திருத்தத்தை எப்போதும் எதிர்க்கட்சியும் சமூக இயக்கங்களும்தான் கேட்கும் என்று நினைத்திருந்தேன். கொடுப்பவர்களும் முறைப்படுத்த முனைந்திருக்கிறார்கள். 1961இல் ஜே.ஆர்.டி. டாட்டா, காங்கிரசுக்குக் கொடுப்பதோடு இராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சிக்கும் கொடுக்கப் போவதாகப் பிரதமர் நேருவுக்கே எழுதித் தெரிவித்தார். 1996இல் டாட்டா குழுமம் தேர்தல் அறக்கட்டளை ஒன்றை நிறுவியது. கட்சிகளுக்கு மக்களவையில் உள்ள இடங்களின் கணக்குப்படி பணம் பிரியும். கட்சிக்காரர் வந்து நின்றால் 'எங்கள் விதி இது' என்று சொல்லிவிடலாம். ஓர் இடமும் இல்லாத புதிய கட்சிக்கு ஒன்றும் கிடைக்காது என்ற குறை இருக்கத்தான் செய்கிறது.

கொடுப்பவரின் பயத்தைக் காரணம் காட்டி இந்திய அரசு 2018இல் நேர் எதிர்த் திசையில் போனது. தேர்தல் பத்திரங்களை அரசு வங்கியில் வாங்கிக் கட்சியிடம் கொடுக்கலாம். பெயர் வெளியே வராது. மக்களுக்குத் தெரியாத பெயரை ஆளுங்கட்சி அறிந்துகொள்ள வழியிருந்தால் அது யாருக்குப் பாதுகாப்பு? 15 பிப்ரவரி 2024 அன்று உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை ரத்து செய்தது. வெளிவந்த பட்டியலில் முதலிடத்தில் இருந்தது கோயம்புத்தூர் லாட்டரி அதிபரின் நிறுவனம்: 1,368 கோடி ரூபாய்.

நம் நாட்டில் 2015இல், அப்போதைய பிரதமர் நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்கில் ஏறத்தாழ 260 கோடி ரிங்கிட் வந்தது அம்பலமானது. நன்கொடை என்றே விளக்கம் தரப்பட்டது. அதே ஆண்டு, அமைச்சர் பால் லோ தலைமையில் அரசியல் நிதி பற்றிய தேசிய ஆலோசனைக் குழு அமைந்தது. வெளிநாட்டுப் பணத்துக்குத் தடை, அரசு நிறுவனங்கள் கொடுக்கத் தடை உட்பட 32 பரிந்துரைகளை 2016இல் வெளியிட்டது. 2018, 2022 பொதுத் தேர்தல்கள் இரண்டும் அப்படியொரு சட்டம் இல்லாமலே நடந்து முடிந்தன.

கோடிகளுக்குத்தான் இந்தச் சட்டம் தேவை என்று பேசுகிறோம். மூன்று கவருக்கும் அது தேவை என்பது என் எண்ணம். கொடுக்க மறுக்கும் துணிவு பெரிய நிறுவனத்துக்கு இருக்கலாம். கடை உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் மாமாவுக்கு எங்கிருந்து வரும்?

டாட்டா கதையை அவரிடம் சொன்னேன். "சட்டம்னு ஒன்னு இருந்தா, 'ரசீது இல்லாம கொடுத்தா எனக்குத் தப்பு தம்பி'ன்னு சொல்லி அனுப்பிடலாம்," என்றார். பிறகு, "அதுக்காக ரசீது வேணும்னு நான் முதல்ல கேட்க முடியுமா?" என்று சிரித்துவிட்டு, அரிசி நிறுக்கப் போய்விட்டார்.