ஹிரோபோன் விட்டுப்போன தடம்

1941-இல் ஜப்பானின் தைநிப்பான் மருந்து நிறுவனம் ஹிரோபோன் என்ற மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அசதி போக்கும், தூக்கத்தை விரட்டும் என்று விளம்பரம் செய்தார்கள். அதில் இருந்தது மெத்தாம்பெட்டமைன். இன்று இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘ஐஸ்’ என்று எழுதுகிற அதே சரக்கு. போர்க்காலத்தில் அதைப் படைவீரர்களுக்கும் தொழிற்சாலைகளில் இரவுவேலை பார்த்தவர்களுக்கும் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் தேங்கிக் கிடந்த இருப்பு கடைத்தெருவுக்கு வந்தது. மாணவர், எழுத்தாளர், கூலித் தொழிலாளி என்று பலரிடமும் பரவி, மாத்திரை ஊசியாகவும் மாறியது. 1951-இல் அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது. 1954-இல் மட்டும் அந்தச் சட்டத்தின் கீழ்க் கைதானவர்கள் 55,000-க்கும் மேல்.

ஜப்பானிய மனநல மருத்துவர்களைக் குழப்பியது அதற்குப் பிறகு நடந்ததுதான். யாரோ பின்தொடர்கிறார்கள், கொல்ல வருகிறார்கள் என்ற பிரமையோடு வந்தவர்கள் சிகிச்சை பெற்று, குணமாகி, வீடு திரும்பினார்கள். நெடுங்காலம் மருந்தைத் தொடாமலும் இருந்தார்கள். பிறகு ஒருநாள் கொஞ்சமாக எடுத்ததும் அதே பயமும் அதே குரல்களும் திரும்பி வந்தன. சாத்தோ மிட்சுமோட்டோவும் அவருடைய சகாக்களும் 1983-இல் இத்தகைய நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள்.

குடி விஷயத்தில் நாம் வழக்கமாகப் பார்ப்பது இதற்கு நேர்மாறானது. ஒரு குவளையில் தொடங்கியவருக்கு நாளடைவில் அரைப் பாட்டில் தேவைப்படும், உடல் பழகிவிடுகிறது. கோகைன், ஆம்பெட்டமைன் போன்ற கிளர்ச்சியூட்டும் போதைப்பொருள்களும் தரும் சுகம் இப்படித்தான் மங்குகிறது. ஆனால் மூளையின் இன்னொரு பகுதி மழுங்காமல், ஒவ்வொரு முறையும் இன்னும் கூர்மையாகிறது.

எலிகளிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். முதல் நாள் ஆம்பெட்டமைன் கொடுத்தால் எலி கூண்டுக்குள் கொஞ்சம் ஓடும். அதே அளவை இடைவெளி விட்டுச் சில நாள் கொடுத்தால் ஓட்டம் கூடிக்கொண்டே போகும். மருந்தை நிறுத்தி ஓராண்டு கழித்துக் கொடுத்தாலும் அந்த வேகம் அப்படியே இருக்கும். எலியின் ஆயுளே இரண்டு மூன்று ஆண்டுதான்! இடைவிடாமல் மருந்தைச் செலுத்தினால் இந்தக் கூர்மை ஏறுவதில்லை, இடைவெளி விட்டுக் கொடுத்தால்தான் ஏறுகிறது. ‘எப்போதாவது தானே’ என்று சமாதானம் சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இதற்கு அடிப்படை டோபமைன் என்ற வேதிப்பொருள். நடுமூளையில் உள்ள சில செல்கள் அதை நியூக்ளியஸ் அக்யூம்பென்ஸ் என்ற பகுதிக்கு அனுப்புகின்றன. வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. கோகைன் அந்த ஏற்பாட்டை அடைக்கிறது. ஆம்பெட்டமைன் அதையே தலைகீழாக ஓடவைத்து டோபமைனை வெளியே கொட்டச் செய்கிறது. இது திரும்பத் திரும்ப நடந்தால் செல்களின் உருவமே மாறுகிறது. ஆம்பெட்டமைன் கொடுக்கப்பட்ட எலிகளின் நரம்புக் கிளைகளில் முள் போன்ற புதிய புடைப்புகள் முளைத்திருப்பதை டெர்ரி ராபின்சனும் பிரையன் கோல்பும் 1997-இல் காட்டினார்கள். 2001-இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு முறை கோகைன் பெற்ற எலிகளிலும் டோபமைன் செல்களின் இணைப்புகள் பல நாள் வலுப்பெற்றிருந்தன.

டோபமைன் என்றாலே ‘இன்ப ரசாயனம்’ என்று எழுதுவது பத்திரிகைகளில் வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் டோபமைன் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலிகளை ஆராய்ந்தார். அவை இரை தேடவில்லை. குழாய் வழியே ஊட்டாவிட்டால் செத்துப்போகும். ஆனால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால் எப்போதும்போல உதட்டை நக்கின. ருசி அப்படியே இருந்தது, வேட்கை மட்டும் போய்விட்டது. இதை வைத்து 1993-இல் ராபின்சனும் பெரிட்ஜும் ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். போதை ஊட்டி வளர்ப்பது இன்பத்தை அல்ல, ஏக்கத்தை என்றார்கள். ‘எனக்கு அதில் இப்போது ஒன்றுமே இல்லை, ஆனாலும் விட முடியவில்லை’ என்று ஒருவர் சொல்லும்போது அவர் சாக்கு சொல்வதாக நினைக்க வேண்டியதில்லை.

மனிதர்களிடமும் சோதித்துப் பார்த்தார்கள். 2006-இல் வெளியான மெக்கில் பல்கலைக்கழக ஆய்வில், ஆரோக்கியமான 10 ஆண்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் மூன்று முறை ஆம்பெட்டமைன் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்தும், ஓராண்டு கழித்தும் மறுபடி கொடுத்தபோது முதல் முறையைவிட அதிக டோபமைன் சுரந்தது.

எதிர்ச் சான்றும் உண்டு. நோரா வோல்கோவ் குழு 1997-இல் கோகைனை நிறுத்திய நோயாளிகளை மூளை ஸ்கேன் மூலம் ஆராய்ந்தபோது, அவர்களிடம் டோபமைன் சுரப்பு மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை. ராபின்சன் தரப்பு சொல்லும் விளக்கம் பொருத்தமாகவே படுகிறது: கூர்மையேறிய மூளை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி துள்ளாது. பழைய தெரு, பழைய கூட்டாளி, சுருட்டிய காகிதம் போன்ற அடையாளங்கள்தான் அதைக் கிளப்புகின்றன. ஸ்கேன் அறையில் அவை எதுவும் இல்லை. எலிகளிலும் மருந்து கொடுத்த அதே கூண்டில்தான் ஓட்டம் உச்சத்துக்குப் போகிறது.

போதைப் பழக்கமே இல்லாதவர்களிடமும் இந்த ஏக்கத்தின் சாயலைக் காணலாம். பார்க்கின்சன் நோய்க்கு, டோபமைனைப் போல வேலை செய்யும் பிராமிபெக்சோல் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களில் சிலர், வாழ்நாளில் சீட்டைத் தொடாதவர்கள், திடீரென்று சூதாட்டத்தில் பணத்தை இறைக்கிறார்கள். மருத்துவர் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

கோகைன், மெத்தாம்பெட்டமைன் அடிமைத்தனத்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்த மாத்திரை இதுவரை ஒன்றும் இல்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லையென்று தெரியும்போதெல்லாம் சிறு பரிசு தரும் முறைக்குத்தான் வலுவான சான்று இருக்கிறது. கூர்மையேறிய மூளை நெடுநாள் அப்படியே இருக்கக்கூடும் என்பதால், வீட்டில் ஒருவர் போதையை விட்டு இரண்டு ஆண்டு ஆகிவிட்டது, இனிமேல் ஒருமுறை எடுத்தால் என்ன என்று யாரும் எண்ண வேண்டாம். பழைய கூட்டாளிகளிடமிருந்தும் பழைய இடங்களிலிருந்தும் அவரை விலக்கி வைப்பதை அதீத எச்சரிக்கை என்று கேலி செய்யவும் வேண்டாம். இந்தியாவில் ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லாத எண்ணை அழைக்கலாம்.