வரைகிற கைக்கு எதற்குப் படிப்பு?

வாழைப்பழச் சூறைத் திருவிழா நெருங்கினால் சேவுகம்பட்டியில் பேனர் கட்டுவதற்குக் கம்பம் கிடைக்காது. வத்தலக்குண்டில் ஃபிளெக்ஸ் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், டீக்கடையில் மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "அண்ணே, டிசைனுக்கெல்லாம் டாக்டர் பட்டம் தர்றாங்களாமே, அதுல என்னண்ணே படிப்பாங்க? கை ஓடுனாப் போதாதா?"

கை ஓட வேண்டும்தான். ஆனால் எந்தக் கோட்டில் ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது படிப்பால்தான் வருகிறது. அதற்குச் சாட்சி அந்த டீக்கடையின் விலைப்பலகையிலேயே இருக்கிறது. டீ, வடை, பன் என்று எழுதி எதிரே போட்டிருக்கும் ரூபாய்க் குறியை வரைந்தவர் கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த உதயகுமார். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துவிட்டு, மும்பை ஐஐடியின் வடிவமைப்புத் துறைக்குப் போனவர். 'பராசக்தி' என்று ஒரு தமிழ் ஃபாண்ட் செய்தார். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது தமிழ் எழுத்துருக்கள் பற்றிய ஆராய்ச்சி.

ரூபாய்க்கு ஒரு குறி வேண்டும் என்று மத்திய அரசு 2009இல் போட்டி அறிவித்தது. மூவாயிரத்துக்கும் மேல் வடிவங்கள் வந்தன. ஐந்து தேறின. 2010 ஜூலை 15 அன்று அமைச்சரவை உதயகுமாரின் வடிவத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய். அடுத்த ஆண்டே அது நாணயத்தில் ஏறிவிட்டது.

அந்தக் குறியை நிதானமாகப் பாருங்கள். தேவநாகரி 'ர' அதில் இருக்கிறது. ஆங்கில 'ஆர்' எழுத்தும் இருக்கிறது, ஆனால் அதன் இடதுபக்கத் தண்டு இல்லை. தண்டே இல்லாமல் போயும் கண் அதை 'ஆர்' என்றே படிக்கிறது! மேலே ஓடும் கோடு, வடநாட்டு எழுத்துகளின் தலைக்கோடு. அதன்கீழ் இன்னொரு கோடு. நடுவில் விட்ட வெள்ளையோடு சேர்த்துப் பார்த்தால் மூவண்ணக் கொடி நினைவுக்கு வரட்டும் என்பது அவர் எண்ணம். ஓர் எழுத்தில் எதை எடுத்துவிட்டாலும் அது பிழைத்திருக்கும், எதை எடுத்தால் செத்துப்போகும் என்பதைச் சொல்ல, பல நூற்றாண்டு எழுத்துகளைப் பார்த்துப் பழகிய கண் வேண்டும். தமிழ் எழுத்தை ஆராய்ந்த வருடங்கள் அந்தக் கண்ணைக் கொடுத்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. ரூபாய்க்கு நம்மிடம் முன்பே ஒரு குறி உண்டு: ௹. பழைய கணக்கேடுகளிலும் பத்திரங்களிலும் கணக்குப்பிள்ளைகள் ஒரே வீச்சில் எழுதியது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற தம்பிக்கு இதன் கூடப்பிறந்தவை நன்றாகத் தெரியும். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳. வரவுக்கும் பற்றுக்கும்கூடத் தனித்தனிக் குறிகள் இருந்தன. நாள் முழுக்க எழுதிய கைகள் சொற்களைச் சுருக்கிச் சுருக்கி உண்டாக்கிய வடிவங்கள் இவை. 2003இல் யூனிகோடில் இவற்றுக்கு இடம் கிடைத்ததால்தான் இன்று போனிலும் அடிக்க முடிகிறது. யாராவது பழைய தாள்களைத் தேடிப் படித்து, இது இன்ன குறி, இப்படி இருக்கும், இங்கே வரும் என்று எழுதிக் காட்டினால்தான் அப்படி இடம் கிடைக்கும். அதுவும் வடிவமைப்பு வேலையில் ஒரு பாதிதான். வரைவது மறுபாதி.

எழுத்துச் சீர்திருத்தத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பெரியார் 1935இல் குடி அரசில் தொடங்கியதை 1978இல் தமிழக அரசு ஆணையாக்கியது. ணை, லை, ளை, னை ஆகியவற்றில் யானைத் துதிக்கை போல வளைந்திருந்த பழைய உரு போய், மற்ற எழுத்துகளுக்குப் போடும் அதே இணைக்கொம்பு வந்தது. அச்சுக் கோப்பவருக்குத் தனி அச்சுகள் குறைந்தன. படிக்கிற பிள்ளைக்கும் சுமை குறைந்தது.

"சரிண்ணே, நம்ம பேனருக்கு இதுல என்ன இருக்கு?" என்றார் தம்பி.

நிறைய இருக்கிறது. இடம் நிரம்ப வேண்டுமென்று கோரல்டிராவில் பெயரைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுக்கிறோம். அப்போது நிற்கிற கோடு தடித்துவிடும், படுக்கிற கோடு பழைய கனத்திலேயே கிடக்கும். 'ழ', 'ண' போன்றவற்றின் சுழி நசுங்கிப் போகும். எழுத்தை வரைந்தவர் கோட்டுக்குக் கோடு பார்த்து வைத்த கனமெல்லாம் வீண். அகலம் வேண்டுமானால் அகலமாகவே வரைந்த ஃபாண்ட் எடுக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்தளவைக் கூட்ட வேண்டும். அடுத்தது வரி இடைவெளி. தமிழில் 'கி', 'தீ' மேலே ஏறும், 'கு', 'து', 'ழு' கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியைத் தமிழுக்கும் வைத்தால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் கொண்டையும் முட்டிக்கொள்ளும். கொஞ்சம் தாராளமாக விட்டால் அழைப்பிதழைத் தாத்தாவும் கண்ணாடி தேடாமல் படிப்பார்.

திருட்டு ஃபாண்ட் தேடி அலையவும் வேண்டாம். பிரியா ரவிச்சந்திரனின் 'கட்டமரான்', இலங்கைக்காரர் தாரிக் அஸீஸின் 'கவிவாணர்', 'ஏக் டைப்' குழுவின் 'முக்தா மலர்' எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன, வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். மூன்றிலும் ஒரே பெயரை அடித்து, பெரிதாக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'ழ'வின் வால் எங்கே முடிகிறது என்று பாருங்கள் என்றேன். முடிந்தால் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பத்திரம் ஒன்றையும் எடுத்து, அதே பெயரின் எழுத்துகளை அதிலும் தேடிப் பார்க்கச் சொன்னேன். அந்த டாக்டர் பட்டக்காரர்களும் தொடங்குவது இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதிலிருந்துதான்.