மகப்பேறும் நம் பழக்கவழக்கங்களும்

மணமாகி ஆண்டுகள் சில கடந்தும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை என்றால், பழி முதலில் பெண்ணின் மீதே விழுகிறது. இது நியாயமன்று, உண்மையும் அன்று. குழந்தையில்லாத் தம்பதிகளுள் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆணின் குறையும் ஒரு காரணமாக உள்ளது என்பது மருத்துவம் கண்ட முடிவு. இருபாலாரின் குறைகளிலும் சில உணவாலும் பழக்கத்தாலும் வருபவை. ஆகவே திருத்தக் கூடியவை.

சென்னையின் தெற்கேயுள்ள வேளச்சேரி, ஏரிநீரால் நெல் விளைந்த ஊர். 2007-ல் பறக்கும் ரயில் அங்கு வந்து சேர்ந்தது. கழனிகள் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். உழைப்பு குறைந்தது, உண்பது குறையவில்லை. இந்நிலை அவ்வூருக்கு மட்டும் உரியதன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் மிகை எடையுடையவர்கள். மிகை எடையால் கருமுட்டை மாதந்தோறும் முதிர்ந்து வெளிவருவது தடைப்படலாம். ஆணின் விந்தணுக்களும் குறையலாம். எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே பல பெண்களுக்கு மாதவிடாய் சீர்படுகிறது. மிக மெலிந்த உடலும் கருவுறத் தடையே.

விந்தணுக்கள் செவ்வனே உருவாக, உடற்சூட்டைவிட 2 முதல் 4 பாகை குறைந்த சூடு வேண்டும். ஆதலால் சாயக் கொப்பரையருகே வேலை செய்வோர் இடையிடையே வெளிக்காற்றில் இளைப்பாறுதல் நன்று. பூச்சிமருந்து தெளிப்போர்க்கும் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மண்புழுதியிலுள்ள நூற்புழுவைக் கொல்லும் மருந்தைத் தயாரித்த தொழிலாளர் பலர் மலடாகியிருந்தது 1977-ல் கண்டறியப்பட்டது. முகத்தையும் கைகளையும் மூடிக்கொண்டு தெளித்து, முடிந்ததும் குளித்து உடை மாற்றவேண்டும்.

பருத்தியிலும் ஒரு பாடம் உண்டு. சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயில் சமைத்துண்ட சீனச் சிற்றூர்கள் சிலவற்றில், 1950-களில் பிள்ளைப்பேறு அருகியது. கொட்டையிலுள்ள கோசிபால் என்னும் பொருள் விந்தணு உற்பத்தியைத் தடுத்ததே காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. முறையாகச் சுத்திகரித்தால் அது நீங்கிவிடும். கொட்டையைச் செக்கிலாட்டி அப்படியே உண்ணலாகாது.

பீடி, சிகரெட்டு, மது ஆகியவை இருபாலாருக்கும் கேடு. கீரை, பயறு, பழம், மீன், நிலக்கடலை முதலியன நம் கைக்கெட்டும் நல்லுணவுகள். கருத்தரிக்க விரும்பும் பெண், போலிக் அமில மாத்திரையை மருத்துவர் சொற்படி முன்கூட்டியே தொடங்குதல் நலம். சிசுவின் முதுகுத்தண்டுக் குறைகளை அது பெரிதும் தடுக்கிறது.

ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். எனவே இன்று விட்ட தீய பழக்கத்தின் பலன் மூன்று மாதத்திற்குப் பின்னரே தெரியும், பொறுமை வேண்டும்.

பழக்கத்தால் தீராத குறைகளும் உள. சேர்ந்து வாழ்ந்து ஓராண்டாகியும், பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமாகியும் கருத்தரிக்காவிடில், கணவன் மனைவி இருவரும் பரிசோதனைக்குச் செல்லவேண்டும். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை போன்ற இடங்களில் ஆலோசனை பெறலாம். கடன்பட்டுப் போலி மருந்து வாங்குமுன் இதனைச் செய்க. ஆணின் பரிசோதனை எளியது, செலவும் குறைவு. அதற்கு அவன் நாணினால், அந்நாணத்தின் சுமையை அவன் மனைவியே வாழ்நாளெல்லாம் சுமக்க நேரும்.